வண்டி ஏன் கிளம்பவில்லை?

பெங்களூரில் ஒரு குடும்பம். கணவர் மாருதி ஆம்னி வேன் ஓட்டுகிறார். மனைவி கீரை வியாபாரம் செய்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு இருவரும் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போவார்கள். கீரைக் கட்டுகளை வேனில் ஏற்றி வருவார்கள். வேன் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆம்னி வேன் 1984இல் விற்பனைக்கு வந்தது. 2019இல் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய வேன்கள் இன்னும் பல ஊர்களில் ஓடுகின்றன. இவர்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தானே வண்டி வேலை பார்த்தார். மூன்று பழைய பிளக்குகளையும் கழற்றினார். புது பிளக்குகளைப் போட்டார். பாட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அதையும் சுரண்டித் துடைத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். கூலி மிச்சம் என்று மகிழ்ந்தார்.

திங்கள்கிழமை காலை சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடியும் "டக்".

"பாட்டரி போச்சு. புதுசுதான் வாங்கணும்" என்றார் கணவர்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே. ஒரே ராத்திரியில எப்படிங்க போகும்?" என்று கேட்டார் மனைவி.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள்

நேற்று வரை ஓடிய வண்டி இன்று ஓடவில்லை. நடுவில் என்ன நடந்தது? நாம் அதில் வேலை செய்தோம். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் நாம் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். ஒரு நட்டு தளர்ந்திருக்கலாம். ஒரு ஒயர் மாறியிருக்கலாம். ஒரு குழாயை மாட்ட மறந்திருக்கலாம்.

ஆகவே உடனே புதுச் சாமான் வாங்க ஓடாதீர்கள். செய்த வேலையை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

காது கொடுத்துக் கேளுங்கள்

வண்டி கிளம்ப நான்கு காரியம் நடக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றிவிட வேண்டும். பெட்ரோல் வர வேண்டும். காற்று வர வேண்டும். சரியான நேரத்தில் பிளக்கில் தீப்பொறி வர வேண்டும். இதில் எது நடக்கவில்லை என்பதைச் சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. விளக்கும் எரியவில்லை. அப்படியானால் பாட்டரியிலிருந்து மின்சாரம் வரவில்லை. பாட்டரி ஒயர்களைப் பாருங்கள். ஃபியூஸைப் பாருங்கள்.

"டக்" என்றோ, "டக் டக் டக்" என்றோ சத்தம் வருகிறது. என்ஜின் சுற்றவில்லை. அப்படியானால் மின்சாரம் வருகிறது, ஆனால் போதவில்லை. பாட்டரி இறங்கியிருக்கலாம். பாட்டரி ஒயர் தளர்ந்திருக்கலாம். செல்ஃப் மோட்டாரே கெட்டிருக்கவும் கூடும்.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை. அப்படியானால் பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள்.

என்ஜின் பிடிக்கிறது. உடனே நின்றுவிடுகிறது. அப்படியானால் பெட்ரோல் சரியாக வரவில்லை, அல்லது கழன்ற குழாய் வழியாகக் காற்று புகுகிறது.

விளக்குச் சோதனை

அன்று பக்கத்து வீட்டு பாய் எழுந்து வந்தார். அவர் வயதான மெக்கானிக். இப்போது வேலைக்குப் போவதில்லை.

"பாட்டரி போச்சு பாய்" என்றார் கணவர்.

"அவசரப்படாதே தம்பி. முதல்ல ஹெட்லைட்டைப் போடு" என்றார் பாய்.

ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது.

"இப்போ விளக்கைப் பார்த்துக்கிட்டே சாவியைத் திருப்பு."

சாவியைத் திருப்பியதும் விளக்கு அணைவதுபோல் மங்கியது. "டக்" என்று சத்தம் வந்தது. சாவியை விட்டதும் விளக்கு மீண்டும் பளிச்சென்று எரிந்தது.

இது ஏன்? ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். இரண்டு விளக்குக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் அளவுதான் ஆகும். செல்ஃப் மோட்டார் அப்படியல்ல. அது நூறு ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். வாய்க்காலில் மண் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு குடம் தண்ணீர் வரும். ஒரு வயலுக்குப் பாயத் தண்ணீர் வராது. தளர்ந்த ஒயரும் அப்படித்தான். விளக்கு எரிவதால் மட்டும் பாட்டரி இணைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பாய் சாவியை எடுக்கச் சொன்னார். பாட்டரி முனையில் மாட்டியிருந்த கிளாம்பைக் கையால் திருகினார். அது சுற்றியது. "இது கையால அசையவே கூடாது தம்பி. நேத்து சரியா முறுக்கல" என்றார்.

கருப்பு ஒயரின் மறுமுனை வண்டியின் உடம்போடு சேரும். அதற்கு எர்த் என்று பெயர். அந்த நட்டையும் பார்த்தார்கள். அது இறுக்கமாக இருந்தது. கிளாம்பை ஸ்பேனரால் முறுக்கினார்கள். சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் வேகமாகச் சுற்றியது. பாட்டரி கெடவில்லை!

இரண்டாவது கோளாறு

ஆனால் வண்டி இன்னும் கிளம்பவில்லை. என்ஜின் சுற்றியது, குலுங்கியது. "டப்" என்று கார்புரேட்டர் பக்கம் வெடிச் சத்தம் வந்தது.

இப்போது சத்தம் மாறிவிட்டது. ஆகவே தேடும் இடமும் மாற வேண்டும். கணவர் கை வைத்த இன்னொரு இடம் எது? பிளக்.

அந்த வேனின் என்ஜினில் மூன்று சிலிண்டர் உண்டு. சிலிண்டருக்கு ஒரு பிளக். பிளக்குக்கு ஒரு ஒயர். மூன்றிலும் ஒரே நேரத்தில் தீப்பொறி வராது. ஒன்றன்பின் ஒன்றாக, முறைப்படி வரும். ஒயர் மாறினால் தீப்பொறி தப்பான நேரத்தில் வரும். வால்வு திறந்திருக்கும்போதே பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். அதுதான் அந்த "டப்".

மனைவி டார்ச் அடித்தார். பாய் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டதும் வண்டி கிளம்பியது.

ஆனால் நன்றாக விடிந்துவிட்டது. மார்க்கெட்டில் நல்ல கீரை எல்லாம் தீர்ந்துவிட்டது. வாடிய கட்டுகள்தான் கிடைத்தன. அன்றைய வருமானம் பாதியாகக் குறைந்தது. வேலை முடித்த ஞாயிறு அன்றே ஒரு முறை வண்டியைக் கிளப்பிப் பார்த்திருந்தால் இந்த நட்டம் வந்திருக்காது.

நினைவில் வையுங்கள்

சாவியைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அரை நிமிடமாவது விட்டு, பிறகு முயலுங்கள். இல்லாவிட்டால் நல்ல பாட்டரியும் இறங்கிவிடும். செல்ஃப் மோட்டாரும் சூடாகிக் கெட்டுவிடும்.

பெட்ரோல் வாடை பலமாக வந்தால் நிறுத்துங்கள். சிறிது நேரம் காத்திருங்கள். எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் சாவியைத் தொடவே கூடாது.

பாட்டரியைக் கழற்றும்போது கருப்பு ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது கருப்பு ஒயரைக் கடைசியாக மாட்டுங்கள். ஏன்? கருப்பு ஒயர் மாட்டியிருக்கும்போது, சிவப்பு முனையில் வைத்த ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கை வெந்துவிடும்.

சிவப்பையும் கருப்பையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள். ஃபியூஸ் போகும். பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் கெடும். பாட்டரி மேல் + குறியும் − குறியும் இருக்கும். கூட்டல் குறி இருப்பது சிவப்பு ஒயருக்கு. கழித்தல் குறி இருப்பது கருப்பு ஒயருக்கு.

பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது எளிதில் வெடிக்கும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பாட்டரிக்குள் இருப்பது அமிலம். கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பாட்டரி நல்லதா என்று சந்தேகமா? மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.

இப்போது வரும் கார்களில் கம்ப்யூட்டர் உண்டு. சாவியிலேயே ஒரு சில்லு இருக்கும். அது சரியில்லை என்றாலும் வண்டி கிளம்பாது. அப்படிப்பட்ட வண்டிகளில் பாட்டரி கிளாம்பையும் ஃபியூஸையும் நாம் பார்க்கலாம். அதற்கு மேல் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அவரிடம் நாம் செய்த வேலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அவருக்கு நேரம் வீண். நமக்குக் காசு வீண்.

எழுத்து செய்த உதவி

அன்று மாலை மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். அவர் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். தேதி எழுதினார். "பிளக் மாற்றியது. பாட்டரி துடைத்தது. கிளாம்பு தளர்வு. ஒயர் மாறியது" என்று எழுதினார். பிறகு மூன்று சிறிய ஒட்டுத்தாள்களில் 1, 2, 3 என்று எழுதினார். கணவர் அவற்றை மூன்று ஒயர்களிலும் சுற்றி ஒட்டினார்.

இனி அந்த ஒயர்கள் மாறாது. இருட்டில் டார்ச் அடித்தாலும் எண் தெரியும்.

நீங்களும் இப்படிச் செய்யலாம். கழற்றுவதற்கு முன் எழுதுங்கள். மாட்டிய பின் சரிபாருங்கள். முடித்த உடனே ஓட்டிப் பாருங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. பாட்டரியைக் கழற்றும்போது எந்த ஒயரை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?

2. விளக்கு எரிந்தும் செல்ஃப் சுற்றாதது ஏன்?

3. உங்கள் வீட்டில் யாராவது தாமே ஒரு பொருளைப் பழுது பார்த்தது உண்டா? என்ன நடந்தது? ஐந்து வரி எழுதுங்கள்.