நூலகத் தொழினுட்பர் கூட்டமும் திருகோணமலையும்

நூல்நிலையம் என்பது நூல்களின் தொகுதி மாத்திரமன்று. அவற்றைப் பேணி, வகுத்து, வேண்டுவோர் கையிற் சேர்ப்பிக்கும் மக்களின் தொகுதியுமாம். முற்காலத்தில் ஏடு வாசிக்கவும் பெயர்த்தெழுதவும் வல்லார் இப்பணியை ஆற்றினர். திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையிற் கீழைத்தேயச் சுவடிகளின் நூலகராய் இருந்தவர்; 1895ஆம் ஆண்டில் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை அச்சேற்றியவரும் அவரே. பழைய சுவடியும் புதிய அச்சும் அவரிடத்து ஒருங்கு கூடின. இன்று அச்சின் பக்கத்திற் கணினியும் வந்து நிற்கின்றது. நூற்பட்டியலைக் கணினியில் அமைத்தல், சிதையும் பிரதிகளை மின்வருடுதல், கோப்புகளைப் பல படிகளாக்கிக் காத்தல் என்னும் தொழில்களைச் செய்வோரே நூலகத் தொழினுட்பர் எனப்படுவர்.

இத்தொழிலின் இன்றியமையாமையை யாழ்ப்பாணப் பொதுநூலக வரலாறு உணர்த்தும். 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்து நூல்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டிற் பலர் கூடிச் சபையமைத்து, 844 நூல்களோடு வாடகை அறையொன்றில் நூலகத்தைத் திறந்தனர். அது வளர்ந்து 1981இல் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளாது ஒழிந்தன. பெருநிலையமும் சிறுகூட்டத்தாலேயே தோன்றும் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம். ஓரிடத்தில் ஒரு படியாய் இருப்பது காப்பாகாது என்பது இரண்டாம் பாடம். இவ்விரண்டையும் உளங்கொண்டாற்போல, 2005இல் தன்னார்வலர் சிலர் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பல்லாயிரக்கணக்கில் அதன்வழி உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன.

திருகோணமலைக்கு இப்பாடம் பெரிதும் பொருந்தும். இத்துறைமுகத்தைக் குறித்துப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எழுதியவை அவரவர் நாட்டு ஆவணக் காப்பகங்களிற் பேணப்படுகின்றன. ஆனால் இம்மண்ணின் மக்கள் தம்மைக் குறித்து எழுதியவை எங்கே உள்ளன? பாடசாலை ஆண்டு மலர்களிலும், கும்பாபிஷேக மலர்களிலும், இறந்தோர் நினைவாக அச்சிட்ட சிறு நூல்களிலுமே உள்ளன. கடற்காற்றின் ஈரமும் கறையானும் அவற்றை நாடோறும் அரிக்கின்றன. போர்க்கால இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் எஞ்சியவற்றையுஞ் சிதைத்தன. அவை அழியின், ஊரின் வரலாற்றைப் பிறர் எழுதிய ஏட்டிலிருந்தே ஊரார் கற்க நேரிடும்.

இவற்றைக் காக்கும் கருவிகளுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா என்னும் சிற்றூர்ப் பகுதி நூலகத்தின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைக் கடந்து இயங்காதென அஞ்சப்பட்டது. ஆதலின் புதிய மென்பொருள் ஒன்று அந்நூலகத்துக்கென ஆக்கப்பட்டு, 2000இல் யாவருக்கும் இலவசமாய் வழங்கப்பட்டது. அதன் பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியிற் கொடை என்பது பொருள். கருவி எளிதிற் கிடைப்பினும் அதனைக் கையாள்வோர் தனித்து நிற்பதே பெருங்குறை. ஒரு நூலகத்தில் இத்தொழிலறிந்தார் ஒருவர் இருப்பதே அரிது. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த பட்டியல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் வழியை ஒருவர் பலநாள் முயன்று கண்டறிவார். அடுத்த ஊரினர் அதற்கே மீண்டும் பலநாள் முயல்வர். கண்டறிந்தவர் இடமாற்றம் பெறின் அவ்வறிவும் அவருடன் போய்விடும்.

இக்குறை தீரும் வழி தொழிலறிந்தார் கூட்டமே. சென்னை நூலகச் சங்கம் 1928இலும், இலங்கை நூலகச் சங்கம் 1960இலும் தோன்றித் தொழிற்கல்வியை வளர்த்தன. அவற்றுக்குத் துணையாய், அயலூரார் நேரிற் கூடி வேலை செய்யும் சிறு குழுக்களும் வேண்டும். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ‘கோட் ஃபோர் லிப்’ என்னும் நூலக நிரலாளர் கூட்டம், 2006இல் ஒறிகன் மாநிலத்துக் கோர்வாலிஸ் நகரில் முதன்மாநாட்டை நடத்தியது. பின்னர்ப் பிரதேசந்தோறும் சிறு கூட்டங்களாய்ப் பரந்தது. பதவியும் பட்டமும் அதனை வளர்க்கவில்லை. ஒருவர் கண்டதை மற்றவர்க்கு வழங்கும் வழக்கமே வளர்த்தது.

திருகோணமலையில் இத்தகைய குழுவைத் தொடங்க நால்வர் போதும். மாதத்தில் ஒருநாளைக் குறித்துத் திருகோணமலை நகர், கிண்ணியா, மூதூர், கந்தளாய் என இடத்தை முறைமாற்றிக் கூடலாம். அவ்வாறு கூடின் மூன்று சமூகத்தாரும் பங்குபெறுவர். ஒவ்வொருவரும் தம் நூலகத்து இடர்ப்பாடு ஒன்றைக் கொண்டுவருதல் வேண்டும்; அன்றே ஒன்றையேனுந் தீர்த்து, தீர்த்த முறையை எளிய தமிழிலுஞ் சிங்களத்திலும் எழுதி நூலகந்தோறும் வைத்தல் வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்வார் தம் அறிவை விட்டுச் செல்லும் வழி இதுவேயாம். தொடக்க விழாவிலும் பதவித் தேர்விலும் ஊக்கத்தைச் செலவிடும் குழு நெடுநாள் நிலைப்பது அரிது. ஆதலின் வேலையையே தொடக்கமாகக் கொள்ளல் நன்று.

முதல் வேலையாக, எந்த மலரின் எந்த ஆண்டிதழ் எவ்விடத்துள்ளது என்னும் கூட்டுப்பட்டியலை ஆக்கலாம். இதற்கு ஒரு குறிப்பேடும் சில மாணவரின் உழைப்பும் போதும். கிடையாத இதழ்கள் எவை என்பது அப்பட்டியலாலேயே விளங்கும். பழைய மாணவர் தத்தம் வீட்டு அலுமாரியைத் திறந்து தேடவும் அது தூண்டும். அதன்பின், உரியோரின் இசைவுபெற்று மின்வருடி, கோப்புகளை வேறுவேறிடங்களிற் காத்தல் இரண்டாம் படியாகும்.

செல்லப்பா தம் வீட்டு நூல்களைக் கொண்டே தொடங்கினார். இங்குத் தொடங்குவார்க்கும் பள்ளி மலர் ஒன்றும், அதனைப் பேண விரும்பும் அயலார் மூவரும் அமையின் அது போதிய முதலாகும்.