அரசியல் மாணவரும் கழகப் பயிற்சியும்

எம்மூராகிய நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பெயர்பெற்றது. மஞ்சளின் மேனியழகை மட்டும் கண்டு வணிகர் விலை கூறார். விரலியை ஒடித்து உள்நிறம் நோக்கிய பின்னரே கூறுவர். அரசியல் நூல் பயிலும் மாணவரது கல்வியும் அவ்வாறே சோதிக்கப்படல் வேண்டும். அதற்கேற்ற இடம் கல்லூரிக் கழகங்களே என்பது எம் கருத்து. தமிழ் பயிலும் யாம் இதனைக் கூறத் துணிந்தது, கழகம் எல்லார்க்கும் பொதுவாதலினாலேயாம்.

கழகமாவது யாது? விதிகளும், உறுப்பினரும், தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளரும், நடவடிக்கைக் குறிப்பும், வரவு செலவுக் கணக்கும் அமைந்த சிற்றரசே அது. தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, வாதிக்கப்பட்டு, வாக்கிற்கு விடப்படும் முறையை மாணவர் நூலிற் படிக்கின்றனர். கழகத்திலோ தாமே நிகழ்த்துகின்றனர். அவைமுன் கணக்கை வைத்து வினாக்களுக்கு விடையிறுக்கும் பொருளாளன், பொறுப்பாட்சி என்னும் சொல்லின் பொருளை ஒரே மாலையில் உணர்வான். தன் தீர்மானம் தோற்றபின்னும் அவையின் முடிவிற்குப் பணிபவன், குடியாட்சியின் உயிர்நிலையை அறிந்தவனாவான்.

இதற்குச் சான்று எம் நாமக்கல் மாவட்டத்திலேயே உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன் குடும்பத்தவர் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தவர். அவர்தம் மைந்தர் மோகன் குமாரமங்கலம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிற் பயின்றபோது, 1815இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் யூனியன் என்னும் மாணவர் வாதக் கழகத்திற்கு 1938இல் தலைவரானார். அடிமை நாட்டு மாணவரொருவர் ஆளும் நாட்டு மாணவரவைக்குத் தலைமை தாங்கியது வியத்தற்குரியதன்றோ? அவரே பின்னர் 1966இல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாகவும், 1971இல் மத்திய அமைச்சராகவும் விளங்கினார்.

செல்வக்குடியிற் பிறந்தோர்க்கே இஃது இயலும் எனச் சிலர் கூறலாம். அற்றன்று. முதன்முறை பேச எழுந்தபோது எம் நாவும் உலர்ந்தது; மும்முறை எழுந்தபின் அச்சம் நீங்கிற்று.

எனினும் ஓர் இடர் உண்டு. எம் கழகத் தேர்தல் ஒன்றில் சிலர் தகுதியை விடுத்துச் சாதி கூறி வாக்குக் கேட்டனர். யாமோ அதனைக் கேட்டும் வாய் திறவாதிருந்தோம். அம்மௌனம் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. 1989 முதல் 18 வயதினர்க்கும் நம் நாட்டில் வாக்குரிமை உண்டு. இன்று கழகத்தில் தவறு கண்டு வாளா இருப்போர், நாளை ஊரின் பேரூராட்சித் தேர்தலில் மட்டும் வாய் திறப்பரோ?

ஆதலின், மாணவ நண்பர்காள்! கழகத்திற் சேர்மின், பேசுமின், மாற்றார் உரையைப் பொறுமையுடன் கேண்மின். தவறு கண்டவிடத்து எழுந்து நின்மின். அதுவே அரசியற் கல்வியின் முதற்பாடமாம்.