தாத்தா காரின் டாஷ்போர்டு மின்ன வேண்டுமா? அவசரப்பட்டு குரோம் போடாதீர்கள்!

பல வருடங்களாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், மெக்கானிக் நேராக பானட்டைத் திறப்பார். வீட்டில் இருப்பவர்களோ முன் கதவைத் திறந்து டாஷ்போர்டைத் தடவிப் பார்ப்பார்கள். மீட்டரைச் சுற்றிய வெள்ளி வளையம், குளவ் பாக்ஸ் பிடி, ரேடியோவின் முகப்பு, ஸ்டீயரிங்கில் ஹார்ன் ரிங்... தாத்தா மடியில் உட்கார்ந்து ‘வண்டி ஓட்டிய’ ஞாபகம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து யாராவது ஒருவர் சொல்வார்: “எல்லாத்தையும் கழட்டி, புதுசா குரோம் போட்டுடலாம்!”

கொஞ்சம் பொறுங்கள். குரோம் பூச்சு இந்த வேலையில் கடைசிப் படி. பல கார்களுக்கு அது தேவையே இல்லாமல்கூடப் போகலாம்.

கார்களின் ஊர்

திருவள்ளூருக்குக் கார் புதிதல்ல. அம்பாசிடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998-ல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. திருவள்ளூர் ஆலையிலிருந்து இப்போது சிட்ரன் கார்கள் வெளிவருகின்றன.

அதே மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு, இன்ஜினீயரிங் வேலைகளுக்குப் பெயர்போன பகுதி. பழவேற்காடு, எண்ணூர் என்று கடலும் பக்கம். அந்த உப்புக்காற்றுதான் குரோமுக்கு முதல் எதிரி.

பழைய காரைக் காப்பாற்றுவது வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். காமராஜர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 என்ற செவர்லே கார், தேனாம்பேட்டை காமராஜர் அரங்கத்தில் நெடுநாள் நின்றிருந்தது. 2025-ல் அதைப் புதுப்பித்தபோது, அது வரலாற்றை மீட்ட செய்தியாகவே பேசப்பட்டது. உங்கள் வீட்டுக் காரும் உங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான்.

குரோம் என்பது எவ்வளவு?

நாம் குரோம் என்று சொல்லும் பளபளப்பில் குரோமியத்தின் பங்கு மிகக் குறைவு. இரும்பின் மேல் பொதுவாக முதலில் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியாகத்தான் குரோமியம். அழகுக்காகப் பூசப்படும் அந்த மேல் அடுக்கு ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடி போன்ற மினுமினுப்பும், துரு பிடிக்காத பாதுகாப்பும் பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கல் தருவதுதான்.

அந்த மெல்லிய அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பும் ஈரமும் அதன் வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கின்றன. மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிவது அதனால்தான்.

கழற்றுவதுதான் பாதி வேலை

டாஷ்போர்டுகள் துருவால் கெடுவதைப் போலவே அவசரக் கையாலும் கெடுகின்றன. கவனிக்க வேண்டியவை இவை:

* முதலில் பேட்டரி. பாடியோடு இணைந்திருக்கும் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். சில பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். அதனால் பிளஸ், மைனஸ் குறியை மட்டும் நம்பாமல், வயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

* ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, பேப்பர் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிரும். இழுக்காதீர்கள்.

* ஒரு அட்டையில் டாஷ்போர்டின் படத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது இந்த அட்டைக்கு நன்றி சொல்வீர்கள்.

* மீட்டர்களின் பின்பக்கம் மெல்லிய குழாய் போகிறதா என்று பாருங்கள். பல பழைய கார்களில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு ஆயிலே ஒரு குழாய் வழியாக வரும். வெப்பமானியின் குழாய் இன்ஜின் வரை நீளும், அதை மீட்டரோடு சேர்த்தே எடுக்க வேண்டும். வெட்டினாலோ மடங்கி உடைந்தாலோ அந்த மீட்டர் செத்தது.

* சோக், லைட் குமிழ்களைத் திருகி இழுக்கும் முன், அடியில் சின்ன ஊசியோ ஸ்க்ரூவோ இருக்கிறதா என்று தேடுங்கள். பலவற்றில் இருக்கும்.

காந்தம் சொல்லும் சேதி

கழற்றிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளையாகவோ, துத்தநாகக் கலவை வார்ப்பாகவோ இருக்கலாம். ஒட்டாமல் லேசாகவும் இருந்தால் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் இருப்பது உலோகத் தோல் மட்டுமே.

இரும்பில் லேசான துரு என்றால், சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, கார் வாக்ஸ். பிளாஸ்டிக்குக்கு சோப்புத் தண்ணீரைத் தாண்டிப் போகாதீர்கள்.

முக்கியமாக, பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம். அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைத்துவிடும். பழைய குரோமை உரிக்கப் பிளேட்டிங் பட்டறைகளிலேயே அந்த அமிலத்தைப் பயன்படுத்துவது உண்டு.

துத்தநாக வார்ப்பில் குழி விழுந்திருந்தால்தான் உண்மையான சிக்கல். குழியைத் தேய்த்து, செம்பால் நிரப்பி, மறுபடி பாலிஷ் போட வேண்டும். அதிகம் தேய்த்தால் ஓரங்களும் எழுத்துகளும் மழுங்கிவிடும். மழுங்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பளபளப்புக்குப் பின்னால்

பிளேட்டிங் தொட்டியில் காலங்காலமாகப் பயன்படுத்தப்படுவது ஆறிணைய குரோமியம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. முதல் பாதிப்பு, தொட்டியிலிருந்து எழும் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு. அடுத்தது நிலத்தடி நீருக்கு.

தமிழ்நாட்டுக்கு இது கதையல்ல. ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனம் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு, ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த மண்ணையும் தண்ணீரையும் விடவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், அழகுக்கான ஆறிணைய குரோம் பூச்சை 2027 தொடக்கத்தில் முடிவுக்குக் கொண்டுவர 2023-ல் விதி கொண்டுவந்தது.

அதனால் வீட்டுக் கொல்லையில் ‘கிட்’ வாங்கி முயற்சி செய்வது கூடவே கூடாது. பட்டறைக்குக் கொடுப்பதானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா? கழிவுநீர் எங்கே போகிறது? ஆபத்து குறைந்த மூவிணைய குரோம் போட முடியுமா? நிறத்தில் நூலளவு வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான். கொடுக்கும் துண்டுகளை எண்ணி, போட்டோவோடு எழுதி வாங்கவும் மறக்காதீர்கள்.

பழசாக இருப்பதே மதிப்பு

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் வைத்திருக்கும் கார், வின்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். மாற்றாமல் வைத்திருந்தவருக்குத்தான் இந்த மரியாதை.

ஆகவே முதலில் கழற்றுங்கள், குறித்து வையுங்கள், துடையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பத்துத் துண்டில் இரண்டு மட்டுமே பட்டறைக்குப் போக வேண்டியிருக்கலாம். மீதி எட்டில் இருக்கும் லேசான கீறல்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றில் சில, தாத்தாவின் மோதிரம் பட்டு விழுந்தவையாகவும் இருக்கலாம்.