மூளையின் வாய்க்கால்களைக் கண்ட வரலாறு

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர், காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் முத்து முத்தாகக் கையொப்பமிட்டார். ஆண்டறிக்கை முடிந்து, இலாபப் பங்கீட்டுத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவர் ஏதோ சொல்ல எழுந்தார். சொற்கள் குழறின. வலக்கையிலிருந்த காகிதம் நழுவி விழுந்தது. வெயில் மயக்கம் என்றார் ஒருவர். சோடா வாங்க ஓடினார் மற்றொருவர். கூட்டத்தை நிறுத்தலாமா என்று செயலாளர் நம்மை நோக்கிக் கேட்டார். இன்னும் நான்கு பொருள்களே எஞ்சியிருந்தன. "முடித்துவிடுவோம்" என்றோம்.

பெரியவரை வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலையில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். செய்தி அறிந்து நாமும் சென்றோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. மகனுக்கு விடை தெரியவில்லை. நமக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்ட நேரம் 11.20 என்று கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

அம்மருத்துவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். கறுத்த பின்னணியில் இலையில்லாத மரம்போல் வெண்மையான கிளைகள் தெரிந்தன. ஒரு புறத்தில் கிளைகள் நுனிவரை ஓடின. மறு புறத்தில் ஒரு பெருங்கிளை கத்தரித்தாற்போல நடுவிலேயே நின்றது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதற்கு அப்பாலிருந்த மூளைப் பகுதியில் மீட்பதற்கு ஏதும் எஞ்சியிருக்கவில்லை. மண்டை ஓட்டைத் திறவாமல் இதனை எங்ஙனம் கண்டனர் என்று வியந்தோம். பின்னர் படித்தறிந்தவற்றை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்வது நமது கடமை எனக் கருதுகிறோம்.

நான்கு தலைவாய்க்கால்கள்

மூளை, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆயினும் இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு அதற்குச் செல்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு தமனிகள் மேலேறி, மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இவ்வளையத்தை 1664ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. நான்கில் ஒன்று மெல்ல மெல்ல அடைபட்டால், வளையத்தின் வழியே மற்றவை ஈடுசெய்வதுண்டு. ஆனால் வளையத்திற்கு அப்பால் பிரியும் கிளை திடீரென அடைபட்டால் கதி வேறு. கடைமடை வயலுக்கு நீர் நின்றால் என்னவாகும் என்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பயிர் சில நாள் தாங்கும். மூளை சில நிமிடங்கூடத் தாங்குவது அரிது.

மறைவை வெளிப்படுத்திய முயற்சி

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு படத்தில் விழுந்தது. இரத்தமும் மூளையும் விழவில்லை. 1896 ஜனவரியிலேயே வியன்னா நகரில் இருவர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களில் சுண்ணாம்பு கலந்த குழம்பைச் செலுத்திப் படமெடுத்துக் காட்டினர். உயிருள்ளவருக்கு அம்முறை ஆகாது. கதிரைத் தடுக்கவும் வேண்டும், இரத்தத்தோடு கலந்து ஓடவும் வேண்டும், உயிருக்குத் தீங்கு செய்யாமலும் இருக்க வேண்டும். அத்தகைய திரவம் ஒன்று தேவைப்பட்டது.

அதனைத் தேடியவர் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகர நரம்பியல் பேராசிரியர் எகாஸ் மோனிஸ். தம் நாட்டின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். கீல்வாதத்தால் அவர் கைகள் கோணியிருந்தமையால் ஊசி போடவும் அவரால் இயலவில்லை. அல்மெய்தா லிமா என்ற இளம் மருத்துவரே அவருக்குக் கையாக இருந்தார். பிராணிகளிலும் பிணங்களிலும் சோதித்த பின்னர் நோயாளிகளுக்கு ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு கரைசலைச் செலுத்தினர். படம் திருப்தியாக இல்லை. ஒரு நோயாளி இறந்தும் போனார். முயற்சி அத்துடன் நின்றது. பின்னர் மருந்தை மாற்றி, நூற்றுக்கு 25 பங்கு வலிமையுள்ள சோடியம் அயோடைடு கரைசலுடன் மீண்டும் தொடங்கினர். 1927 ஜூன் 28ஆம் நாள், மூளையின் அடியில் கட்டி வளர்ந்திருந்த இருபது வயது இளைஞர் ஒருவரின் கழுத்துத் தமனியில் அதனைச் செலுத்தியபோது, குழாய்கள் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தன. கட்டி அவற்றை இடம்பெயரத் தள்ளியிருந்ததும் தெரிந்தது.

மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது இதற்கன்று. மனநோய்க்காக மூளையின் நரம்பிழைகளை வெட்டும் அறுவை முறைக்குக் கிடைத்தது. அம்முறை பெருந்தீங்கு விளைத்துப் பின்னர் கைவிடப்பட்டது. படமெடுக்கும் முறையோ நிலைத்தது.

அதுவும் பழுதின்றி வளர்ந்ததாகச் சொல்ல இயலாது. 1930களில் தோரியம் கலந்த 'தோரோட்ராஸ்ட்' என்ற மருந்து வழக்கிற்கு வந்தது. படம் மிகத் தெளிவாக விழுந்தது. அப்போது நோயாளிக்கு வேதனையும் இல்லை. ஆனால் கதிரியக்கமுள்ள அப்பொருள் கல்லீரலில் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழிந்த பின்னர் புற்றுநோயாக வெளிப்பட்டது. உடனே தெரியும் நன்மையை மட்டும் வைத்து ஒன்றை மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்வந்த சீர்திருத்தங்கள்

1953இல் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டார். தமனியில் ஊசியைச் செலுத்தி, அதன் துளை வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் குழலைக் கோத்துச் செலுத்துவதே அது. கழுத்தைக் கீறும் தேவை ஒழிந்தது. இப்போது தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைந்த குழல் மூளைவரை செல்கிறது.

நமக்குப் பழகிய கணக்கு முறை ஒன்றும் இதில் பயன்பட்டது. மருந்து செலுத்துமுன் ஒரு படமும் செலுத்திய பின் ஒரு படமும் எடுத்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் மிஞ்சும். 1930களிலேயே டச்சு மருத்துவர் ஒருவர் படச்சுருளைக் கொண்டு இதனைச் செய்தார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினி இவ்வேலையை ஏற்றுக்கொண்டது.

1971 அக்டோபர் முதல் நாள், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இன்று கைநரம்பில் மருந்தேற்றிச் சில விநாடிகளில் தலைக் குழாய்கள் அனைத்தையும் இக்கருவியாற் காணலாம். எம்.ஆர்.ஐ. கருவியோ, மருந்தே இல்லாமல், இரத்தம் ஓடும் ஓட்டத்தைக் கொண்டே படம் வரையவல்லது.

படம் ஏன் முந்த வேண்டும்?

பக்கவாதத்திற்குப் பெருங்காரணங்கள் இரண்டு. ஒன்று, குழாய் அடைபடுதல். மற்றொன்று, குழாய் வெடித்துக் கசிதல். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. சிகிச்சையோ நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எத்துணை அனுபவமுள்ள மருத்துவரும் படத்தைப் பாராது அம்மருந்தைத் தொடமாட்டார். பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்த வேண்டும். பெருங்குழாய் அடைபட்டிருந்தால், குழல் வழியே சென்று கட்டியைப் பற்றி இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. அதன் பயன் 2015இல் வெளிவந்த பல ஆய்வுகளால் உறுதியாயிற்று. மீட்கத்தக்க பகுதி இருப்பதாகப் படம் காட்டினால், சிலருக்கு 24 மணி நேரம் வரையிலுங்கூட அது செய்யப்படுகிறது. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே. பெருங்குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மாள்கின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணிப்பு.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் தாமதிக்கலாகாது. மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உண்ணவோ பருகவோ ஏதும் தரலாகாது, மாத்திரையும் கூடாது. சற்று நேரத்தில் தானே சரியாகிவிட்டாலும் வீட்டில் தங்கிவிடலாகாது. 108க்கு அழைத்து, இரவும் பகலும் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகச் செல்ல வேண்டும். அத்தகைய ஆஸ்பத்திரி எங்குள்ளது என்பதை நிர்வாகக் குழுவினர் இப்போதே விசாரித்து, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தல் நலம். இதற்குச் சங்க நிதியில் ஒரு காசும் செலவில்லை.

ஆய்வுக் குறிப்புப் படிவத்தில் இதற்கென்று ஓர் இனம் இல்லை. எனினும் இப்போது நாம் செல்லும் சங்கங்களிலெல்லாம் பற்று வரவைப் பார்க்குமுன் அந்தப் பலகையைப் பார்க்கிறோம். கூட்டத்தை ஒத்திவைப்பது எக்காலத்தும் இயலும். அன்று அதனைச் சொல்லும் பொறுப்பு நம்மிடமே இருந்தது, நாம் சொல்லவில்லை.

அப்பெரியவர் இவ்வாண்டுப் பேரவைக்கும் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் தறியில் நாடா ஓட்டிய வலக்கை மடியில் கிடந்தது. வருகைப் பதிவேட்டில் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார். நாம் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டோம்.