புதுக் கருவிக்குச் சந்தை உண்டா?
சிறு செலவில் அறியும் வகை

நம் அங்கத்தினர் இல்லங்களில் தொழிற்கல்வி பெற்ற இளைஞர் பலர் இன்று இருக்கின்றனர். தறிக்கோ வயலுக்கோ உதவக்கூடிய கருவியொன்றையோ, கைப்பேசியில் இயங்கும் செயலியொன்றையோ மனத்தில் உருவாக்கிக்கொண்டு, சங்கத்தின் கடனையும் பெற்றோரின் சேமிப்பையும் நம்பி அவர்கள் வருகின்றனர். அவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, “இது ஓடுமா?” என்ற கேள்வியே. அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டியது, “இதைப் பணம் கொடுத்து வாங்குவோர் உளரா?” என்பது. இதை அறிவதற்குப் பெருநகரத்து ஆய்வு நிறுவனங்களுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். தொடக்க நிலையில் அது தேவையே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பஸ் கட்டணமும், தச்சருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியும் பெரும்பாலும் போதும்.

இதை எழுதுபவன் இவ்விஷயத்தை அறிந்துகொண்டது நஷ்டப்பட்டுத்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, மின் மோட்டாரால் தார் சுற்றும் சிறு இயந்திரம் ஒன்றைச் செய்விக்க முனைந்தேன். தெருவெங்கும் சென்று விசாரித்தபோது, “நல்ல யோசனை, கட்டாயம் செய்யுங்கள்” என்று கூறாதவர் இல்லை. அந்தச் சொல்லை நம்பிப் பத்து இயந்திரங்கள் செய்வித்தேன். விற்றவை இரண்டு. சோதித்துப் பார்க்கும்படி ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்த இயந்திரமும் திரும்பி வந்தது. காரணத்தை அந்த வீட்டு அம்மையார் முதல் இரண்டு முறை கேட்டபோது சொல்லவில்லை. மூன்றாம் முறை சொன்னார்: “ஐயா, தார் சுற்றுவதற்கென்று நாங்கள் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. உலை கொதிக்கும் நேரத்திலும், அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் கை தானாக இராட்டையைச் சுற்றுகிறது. உங்கள் இயந்திரத்தின் சத்தத்தில் பிள்ளை தூங்கமாட்டேன் என்கிறான்.” அவர் கையால் செய்த வேலைக்கு வீட்டில் எவரும் கூலி கொடுத்ததில்லை, ஆகையால் அதை மிச்சப்படுத்தும் இயந்திரத்துக்கு விலை கொடுக்கவும் அங்கே எவரும் இல்லை. இவ்வேற்பாடு நியாயமா என்பது வேறு கேள்வி. அதை நம் அங்கத்தினர் தம் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

நம் மக்கள் முகத்துக்கு நேரே ஒருவன் மனத்தைப் புண்படுத்த விரும்பாதவர்கள். “இது உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வார்கள். அது மரியாதையேயன்றிச் சந்தை அன்று. எனவே, வரப்போவதைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைப் பற்றிக் கேட்கவேண்டும். சென்ற வாரம் இவ்வேலையைச் செய்தவர் யார்? எத்தனை மணி நேரம் ஆயிற்று? கூலி எவ்வளவு? தொல்லையைக் குறைக்க இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள், அதற்கு என்ன செலவிட்டீர்கள்? ஒருவர் இதுவரை ஒன்றும் செய்து பார்த்ததுமில்லை, ஒரு காசும் செலவிட்டதுமில்லை என்றால், அத்தொல்லை அவருக்கு அவ்வளவு பெரிதன்று என்று கொள்ளலாம். உங்கள் கருவியின் பெயரை உரையாடலின் கடைசி வரையில் எடுக்காமலிருப்பது நல்லது.

தெலங்காணாவில் ஆலேர்ப் பகுதியைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம் என்னும் நெசவாளரின் கதை இதற்கு மறுபக்கம். போச்சம்பள்ளிச் சேலைக்கு, சாயம் தோய்ப்பதற்கு முன், நூலை அரைவட்டமாக நிறுத்திய முளைகளின்மேல் ஆயிரக்கணக்கான தடவை கையை நீட்டி மடக்கிச் சுற்றவேண்டும். இதனை ‘ஆசு’ என்பர். அவருடைய தாயார் லட்சுமி அம்மையார் இவ்வேலையினால் தோள்வலியுற்று, இனி இயலாது என்னும் நிலைக்கு வந்தார். ஆசு நின்றால் வீட்டில் தறி நின்றுவிடும். மல்லேசம் பல ஆண்டுகள் முயன்று 1999இல் இயந்திரத்தை முடித்து, தாயார் பெயரையே அதற்கு வைத்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் வினாத்தாள் எதையும் அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை. அதே வலி அவ்வூர்களில் வீட்டுக்கு வீடு இருந்தது. அவ்வேலை நின்றால் வருமானம் நிற்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் தார் இயந்திரத்தின் பின்னே அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை.

வினாத்தாளையும் முற்றும் நம்பலாகாது. கோயம்புத்தூர்க் கைத்தறிக் குடும்பத்தில் பிறந்த அருணாசலம் முருகானந்தம், ஏழைப் பெண்களும் வாங்கத்தக்க மாதவிடாய்த் துணி அட்டைகளைச் செய்ய முற்பட்டபோது, சோதித்துச் சொல்ல ஆளின்றித் தவித்தார். மனைவியைக் கொண்டு சோதிப்பதென்றால் மாதம் ஒருமுறைதான் இயலும்; சகோதரிகளோ உடன்படவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் அட்டைகளை இலவசமாகக் கொடுத்து, கருத்துத் தாள்களையும் கொடுத்தார். அத்தாள்களைச் சில மாணவியரே எல்லோருக்குமாக உட்கார்ந்து நிரப்புவதை ஒரு நாள் அவரே கண்டார். பிறகு, பந்தின் உள்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் இடையில் கட்டிக்கொண்டு தாமே அணிந்து நடந்து சோதித்தார். ஊரார் ஏளனம் செய்தனர். மனைவியும் சில காலம் பிரிந்திருந்தார். 2016இல் பத்மஸ்ரீ பெற்ற அவரை இன்று எல்லோரும் புகழ்கின்றனர். ஆயினும் அந்தத் தாள்களை அவர் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பொருளை இலவசமாகப் பெற்றவர் தரும் கருத்தும் பெரும்பாலும் அவ்வளவில்தான் இருக்கும்.

கருவியே இல்லாமல் கருவியைச் சோதிக்கும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர், 1996இல் வெளிவந்த ‘பாம் பைலட்’ என்னும் கையடக்கக் கணினியைச் செய்வதற்கு முன்பு, அந்த அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சாப்பிடும் குச்சியைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். எவரேனும் தேதி குறிக்கச் சொன்னால் கட்டையை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்வார். பார்ப்பவர் சிரித்திருக்கலாம், ஆனால் எந்த அளவு பைக்குள் அடங்கும், எதற்காகத் தாம் அதை அடிக்கடி எடுக்கிறார் என்பவை ஒரு கட்டையின் செலவில் அவருக்கு விளங்கிவிட்டன.

ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களோ மனிதரையே இயந்திரமாக வைத்தனர். சொல்வதைக் கேட்டுத் தானே எழுதும் பொறி அக்காலத்தில் சரிவர அமையவில்லை. ஆகவே ஒருவர் பேச, அடுத்த அறையில் மறைந்திருந்த தட்டெழுத்தாளர் அதைக் கேட்டு அடிக்க, எழுத்துகள் பேசியவர் முன் திரையில் தோன்றின. அப்படிப்பட்ட பொறி குறையுள்ளதாயினும் கடிதம் எழுதப் பயன்படக்கூடும் என்ற முடிவை 1983இல் வெளியிட்டனர்.

இம்முறை நம் சங்கங்களுக்கு மிகவும் பொருந்தும். உழுவை இயந்திரத்தை முறைவைத்து வாடகைக்கு விடச் செயலி செய்யவேண்டுமென்று ஓர் இளைஞர் சொன்னால், ஒரு பருவத்துக்கு அவரையே அச்செயலியாக இருக்கச் செய்யலாம். அவர் கைப்பேசி எண்ணை அங்கத்தினருக்குக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் வரும் கோரிக்கைகளை நோட்டில் எழுதி, வண்டியை அவரே அனுப்பட்டும். எத்தனை பேர் அழைத்தனர், எத்தனை பேர் இரண்டாம் முறை அழைத்தனர், வாடகை நாளில் பணம் வந்ததா என்பவை அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, கணக்கு. 2019–20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35.22 லட்சம் பேர் உளர். “நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலும் முப்பத்தைந்தாயிரம் இயந்திரம்!” என்று திட்ட அறிக்கை எழுதுவோர் பலர். அந்த ‘நூற்றுக்கு ஒருவர்’ எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் விடை கிடையாது. மேற்படி தொகையில் நெசவாளர் 26.73 லட்சமே. அதிலும் உங்கள் கருவி பொருந்தாத தறிகளைக் கழிக்கவேண்டும். பட்டா பருத்தியா என்று பிரிக்கவேண்டும். பிறகு, வாங்கும் சக்தி உடையோரைப் பார்க்கவேண்டும். இப்புள்ளிவிவரங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே கருவியை முன்னரே எவரேனும் பதிந்துள்ளனரா என்பதையும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆயினும் பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்குவதைவிட, உங்கள் தெருவில் இருபது வீடுகளிலிருந்து மேலே ஏறுவதையே நான் விரும்புவேன்.

இறுதிச் சோதனை முன்பணம். மாதிரியையோ படத்தையோ காட்டி, விலையைச் சொல்லி, இருநூறு ரூபாயாவது கேட்கவேண்டும். இன்ன தேதிக்குள் கருவி வராவிடில் பணம் திரும்பும் என்று எழுதிய ரசீதைக் கொடுத்து, அப்பணத்தைச் செலவிடாமல் தனியே வைத்திருக்கவேண்டும். இருபது வீட்டில் எத்தனை வீடு கொடுத்தால் மேலே செல்வது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே நோட்டில் எழுதிக் காரியதரிசியிடம் கையெழுத்து வாங்கிவிடுக. இல்லையேல், வந்த எண்ணுக்கேற்ப மனம் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ளும். மாமனும் மைத்துனனும் கொடுப்பது மொய்ப்பணம். அது கணக்கில் சேராது.

என் இயந்திரங்களில் எட்டு இன்னும் கிடங்கில் இருக்கின்றன. மற்ற இரண்டை வாங்கியவர்கள், ஆறு தறிகளை ஒரே கொட்டகையில் வைத்துத் தார் சுற்ற நாட்கூலிக்கு ஆள் வைத்திருந்தவர்கள். பத்து இயந்திரங்கள் செய்யுமுன் நான் விசாரித்த வீடுகளில் அவ்விருவர் வீடும் இருக்கவில்லை.