டைரக்டரியில் பெயர் இருந்த நடிகர்

கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகர டெலிபோன் டைரக்டரியில் ஸ்டான் லாரலின் பெயரும் எண்ணும் இருந்தன. உலகமே பார்த்துச் சிரித்த லாரல்–ஹார்டி ஜோடியில் ஒல்லியானவர். மற்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் வீட்டு விலாசத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தபோது, இவரை யார் வேண்டுமானாலும் போனில் கூப்பிடலாம், யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். நடிகர் டிக் வான் டைக்கும் தன் ஆதர்ச நாயகனை டைரக்டரியைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்.

பிடித்த நடிகருக்குக் கடிதம் போட்டு ஆட்டோகிராஃப் வாங்குவது அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் சிறுவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. கடிதத்தோடு சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்ப வேண்டும். (நம் வார இதழ்களுக்குக் கதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த உறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.) வெளிநாட்டு நடிகர் என்றால் நம் ஊர்த் தபால்தலை அங்கே செல்லாது. அதற்காகவே 1907 முதல் சர்வதேசப் பதில் கூப்பன் என்று ஒன்று இருந்தது. கூப்பனைக் கடிதத்தோடு அனுப்பினால், பெறுபவர் அதைத் தன் ஊர்த் தபால் நிலையத்தில் கொடுத்துப் பதிலுக்கான தபால்தலையை வாங்கிக்கொள்ளலாம். இத்தனையும் செய்து காத்திருந்தவர்களுக்கு, பல நடிகர்களிடமிருந்து வந்தது அச்சடித்த கையெழுத்து. இல்லையென்றால் காரியதரிசி போட்டது.

லாரலிடமிருந்து வந்தது லாரலே எழுதியது.

அந்த நாட்களில் அவர் இருந்த நிலையை நினைத்தால்தான் இதன் அருமை புரியும். 1955-இல் பக்கவாதம் தாக்கியது. 1957 ஆகஸ்டில் ஹார்டி இறந்தபோது, நண்பனின் இறுதிச் சடங்குக்குப் போகக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதன்பிறகு அவர் நடிக்கவே இல்லை. ஹார்டி இல்லாமல் மேடை ஏற மனம் ஒப்பவில்லை. ஆனால் அதே வருடங்களில்தான் அவர்களுடைய பழைய குறும்படங்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடி, புதிதாக ஒரு தலைமுறைக் குழந்தைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தன. அந்த ஒளிபரப்பால் அவருக்குக் காசு வரவில்லை. படங்களின் உரிமை அவரிடம் இல்லை. விளம்பரங்களுக்காகக் காட்சிகளை வெட்டியது அவரை மிகவும் வருத்தியது. கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

கடலைப் பார்த்த ஒரு சின்ன அபார்ட்மெண்டில், டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து அவற்றுக்குப் பதில் எழுதினார். பதில் தாமதமானால் அதற்கு வருத்தம் தெரிவித்தே பல கடிதங்களை ஆரம்பித்தார். படங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நினைவில் இருந்ததைச் சொன்னார். புகைப்படம் கேட்டவர்களுக்கு அனுப்பிய படங்களில் ‘ஹலோ’ என்று போட்டு, கேட்டவரின் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்திடுவது அவர் வழக்கம். வெறும் கையெழுத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! லாரல் தன் கையால் எழுதிய தன் பெயரைப் பார்த்த பையன் எப்படித் துள்ளியிருப்பான்!

1961-இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். உடல்நிலை காரணமாக அவர் போகவில்லை. அவர் சார்பில் நடிகர் டேனி கே மேடையேறி வாங்கிக்கொண்டார். 1965 பிப்ரவரி 23 அன்று, 74-ஆவது வயதில் லாரல் காலமானார். அவர் எழுதிய கடிதங்களை ரசிகர்கள் தேடித் தேடித் தொகுத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. லாரல், ஹார்டி இருவரும் கையெழுத்திட்ட படத்தைத்தான் சேகரிப்பாளர்கள் பெரிய பொக்கிஷமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், முன்பின் தெரியாத ஒருவரை நலம் விசாரித்து அவர் டைப் செய்த ஒற்றைப் பக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம். படத்தில் இருப்பது நடிகரின் பெயர். கடிதத்தில் அந்த மனிதரே இருக்கிறார்.

சின்ன வயதில் உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த நடிகர் இன்றும் நம்மோடு இருக்கிறாரா? அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுவாகப் புகழ வேண்டாம். எந்தப் படத்தில், எந்தக் காட்சியில் சிரித்தீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று எழுதுங்கள். கையெழுத்தைக் கடைசி வரியில் கேட்டுக்கொள்ளலாம். பதில் வராமல் போனாலும் பரவாயில்லை. அவர் இருக்கும்போதே அந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.