மூச்சைப் பிடிக்காதே, மக்கா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முட்டத்துச் சிப்பியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சரித்திரம் படிக்கும் என் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“யம்மா, ஸ்கூபா படிக்கப் போகட்டா? பூம்புகார் கடலுக்கடியில ஒரு பழைய கப்பல் கெடக்கு. அது மாதிரி கப்பலை எல்லாம் ஆராயணும்னு ஆசையா இருக்கு.”

எனக்குப் பகீரென்றது. ஆனாலும் விவரம் கேட்டேன். 1990-களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் பூம்புகார் கடலில் தேடியபோது, 19 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டதாம் அந்தக் கப்பல். பீரங்கிகளும் ஈயப் பாளங்களும் கிடந்தன. பாளங்களில் பிளாக்கெட் என்ற ஆங்கிலேயப் பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெற்ற வயிறு கேட்குமா?

“நம்ம ஊர்ல சிப்பி எடுக்கவங்க மூச்சைப் பிடிச்சிட்டு முங்கலியா? நானும் பிடிப்பேன்” என்றான்.

இதைச் சொன்னதும் எங்கள் டாக்டர், “அங்கேதாம்மா ஆபத்தே!” என்றார்.

சிப்பி எடுப்பவர் மேலே இழுத்த காற்றோடு இறங்கி, அதே காற்றோடு ஏறுகிறார். சிலிண்டரோடு போகிறவரோ ஆழத்திலேயே சுவாசிக்கிறார். 19 மீட்டரில் அழுத்தம், மேலே இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரவர விரியும். மூச்சை அடக்கினால், அதிகமாக ஊதிய பலூன் கதிதான் நுரையீரலுக்கு! நீச்சல் குளத்து ஆழத்தில்கூட இது நேரலாம்.

அவசரமாக ஏறினால் இன்னொரு கெடுதல். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், கோலி சோடாவை உடைத்ததுபோல் குமிழியிடும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். அதனால்தான் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நின்று வருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்டால், டாக்டர் சொன்ன இவற்றைக் குறித்து வையுங்கள்:

• முதலில் மருத்துவச் சோதனை. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மறைக்கக் கூடாது.

• ஜலதோஷமோ காதுவலியோ இருக்கும் நாளில் இறங்கவே கூடாது. தனியாகவும் கூடாது.

• கப்பலுக்குள் நுழையத் தனிப் பயிற்சி வேண்டும்.

• முக்குளித்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது.

• கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபா அறவே ஆகாது.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. புறப்பட்டுவிட்டான். சின்ன வயதில் குளத்தில் இறக்கும்போதெல்லாம், “மூச்சைப் பிடிச்சுக்கோ மக்கா!” என்று கத்தியவள் நான். வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் நகர்ந்தபோது ஜன்னலோடு ஓடினேன்.

“மக்கா, மூச்சை மட்டும் பிடிச்சிராதே!”

நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.